டேங் மீன் மற்ற மீன்களை அடிக்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

சென்னைக் கொளத்தூர் மீன் சந்தையில் வாங்கிய புதிய மீனைத் தொட்டியில் விட்ட முதல் பத்து நிமிடங்களில்தான் பெரும்பாலான தவறான முடிவுகள் எடுக்கப்படுகின்றன. பழைய டேங் (tang, பவளத்திட்டுகளில் வாழும் கடல்மீன்) பாய்ந்து வருகிறது. புதியது பாறைக்குப் பின்னால் ஓடி ஒளிகிறது. பார்த்துக்கொண்டிருப்பவர் பதறிப்போய் வலையைப் போட்டுப் புதிய மீனையே வெளியில் எடுத்துவிடுகிறார். மறுநாள் திரும்ப விட்டால் சண்டை முதலிலிருந்து தொடங்குகிறது, ஏனென்றால் அந்த மீன் மறுபடியும் அந்நியன் ஆகிவிட்டது. டேங் வளர்ப்பவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: பிரிக்க வேண்டிய நிலை வந்தால், அடிக்கும் மீனைப் பிரியுங்கள். அடிவாங்கும் மீன் தொட்டியிலேயே இருக்கட்டும்.

எதையும் செய்வதற்கு முன் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். துரத்தல் இடையிடையே ஓய்கிறதா? உடலோடு உடல் படுகிறதா? துரத்தப்படும் மீன் சாப்பிடுகிறதா? மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். சாப்பிடும் மீன் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சாப்பிடாத டேங் சில நாட்களிலேயே வயிறு ஒட்டிப் போகும். இயற்கையில் விழித்திருக்கும் நேரமெல்லாம் பாசியை மேய்ந்துகொண்டே இருக்கும் இனம் இது, பட்டினியைத் தாங்குவதற்கான உடலமைப்பு இதற்குக் கிடையாது.

அடுத்து, எதோடு எதைச் சேர்த்திருக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். ஒரே பேரினத்தைச் சேர்ந்தவையும் ஒரே உடல்வடிவம் கொண்டவையும்தான் அதிகம் மோதிக்கொள்ளும். மஞ்சள் டேங், பர்ப்பிள் டேங், ஸ்கோபாஸ், செயில்ஃபின் ஆகியவை ஜீப்ராசோமா பேரினம். பவுடர் ப்ளூ, சோஹால், க்ளவுன் டேங், அக்கிலீஸ் ஆகியவை அகாந்துரஸ். இந்த இரண்டாவது கூட்டத்தில்தான் உண்மையான முரடர்கள் இருக்கிறார்கள். கோலே டேங் போன்ற டீனோகேட்டஸ் வகைகள் ஓரளவு சாது. ஹிப்போ அல்லது ரீகல் என்று கடைகளில் சொல்லப்படும் நீல டேங்கும் நாசோவும் பொதுவாக மற்ற டேங்குகளோடு ஒத்துப்போகும், ஆனால் இரண்டுமே பெரிதாக வளர்பவை. பவுடர் ப்ளூ நம் இந்தியப் பெருங்கடல் மீன். மாலத்தீவுத் திட்டுகளில் பெருங்கூட்டமாகச் சேர்ந்து மேயும் அதே மீன், ஆறடித் தொட்டியில் தன் இனத்தில் இன்னொன்றைப் பொறுத்துக்கொள்வது மிக அரிது. இடம் குறையக் குறைய அதன் குணம் மாறுகிறது.

துரத்துகிறது, ஆனால் தொடவில்லை

துடுப்புகளை விரித்துக்காட்டுவது, பக்கவாட்டாகச் சாய்ந்து நின்று உடலைப் பெரிதாகக் காட்டுவது, நிறம் கறுப்பது, நான்கைந்து முறை துரத்திவிட்டுத் திரும்பிப் போய் மேய்வது. இவையெல்லாம் இயல்பு. பொதுவாக இரண்டு மூன்று நாட்களில் அடங்கிவிடும். இங்கே கை வைக்காமல் இருப்பதே சிகிச்சை. தொட்டி விளக்கை அன்று முழுக்க அணைத்து வையுங்கள், அறை வெளிச்சம் போதும். மறுநாள் காலை இரண்டு மீன்களும் உணவுக்கு வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால், வேலை முடிந்தது.

வாலை வீசுகிறது, புதிய மீனின் பக்கவாட்டில் கோடு கோடாகக் காயம்

இதில் தாமதம் கூடாது. டேங்கின் வால் தொடங்கும் இடத்தில் இருபுறமும் ஒரு கூர்மையான முள் உண்டு. சர்ஜன் மீன் என்ற பெயர் வந்ததே அதனால்தான். சாதாரண நேரத்தில் முள் உடலோடு மடிந்திருக்கும், கோபத்தில் விரியும். நாசோ வகைகளில் அது மடியாத, நிலையான தகடாக இருக்கும். தாக்கும் டேங் எதிரியின் பக்கத்தில் இணையாக நீந்தி வாலை வீசும். செதில் பெயர்ந்த வெள்ளைக் கோடுகள், கிழிந்த துடுப்பு, கண்ணருகே கீறல் தெரிந்தால் அது மிரட்டல் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

அன்றே அடிக்கும் மீனைப் பிடியுங்கள். சாதாரண வலையில் வால்முள் சிக்கிக்கொள்ளும், அதை விடுவிக்கும் முயற்சியில் மீனும் காயப்படும், கையும் அறுபடும். இரண்டு வலைகளால் மூலைக்கு ஒதுக்கி, ஒரு பெரிய பிளாஸ்டிக் குடுவையில் நீரோடு சேர்த்து மொண்டு எடுப்பதே நல்லது. பாறை நிறைந்த தொட்டியில் இதுவும் எளிதில்லை. உள்ளே பாசித்தாள் (உலர்ந்த கடற்பாசித் தாள்) கட்டிய, கயிற்றை இழுத்தால் கதவு விழும் அக்ரிலிக் பெட்டி இருந்தால் பொறுமையாகக் காத்திருங்கள். டேங்கின் பசியே அதை உள்ளே கொண்டுவரும். கை அறுபட்டால் நன்றாகக் கழுவிவிட்டு, வீக்கமோ கடும் வலியோ இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். கடல்நீரில் ஏற்பட்ட காயம் என்பதை அவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

பிடித்த முரடனை எங்கே வைப்பது? துளையிட்ட அக்ரிலிக் பெட்டியில், அதே தொட்டிக்குள். தண்ணீர் ஒன்றே என்பதால், மீன் கழிவிலிருந்து சேரும் அம்மோனியா பற்றிய பயம் இல்லை. பெட்டி கிடைக்காவிட்டால், கூரை விளக்குகளுக்குக் கீழே மாட்டும் சதுரக் கட்ட பிளாஸ்டிக் தட்டை அளவாக வெட்டித் தொட்டியின் ஒரு முனையை அடைத்துவிடலாம். நீர் தாராளமாக ஓடும், மீன் தாண்டாது. ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் அங்கே இருக்கட்டும். அதற்குள் அடிவாங்கிய மீன் தொட்டி முழுதும் சுற்றிப் பார்த்து, தனக்கென ஒரு பொந்து பிடித்து, பயமின்றி மேயக் கற்றுக்கொள்ளும். பழையது வெளியே வரும்போது எல்லைக்கோடுகள் ஏற்கெனவே மாறியிருக்கும். இந்த ஒரு செயலால் தீர்ந்த சண்டைகள் ஏராளம். புதியதைப் பெட்டியில் அடைத்து வைப்பதைவிட இது பலமடங்கு பலன் தருகிறது என்பது என் உறுதியான கருத்து.

புதிய மீன் மேல் மூலையிலேயே நிற்கிறது, மூச்சு வாங்குகிறது, சாப்பிடவில்லை

இங்கே இரண்டு காரணங்கள் கலந்திருக்கலாம். தனித்தனியாகச் சோதியுங்கள்.

முதலாவது அச்சம். மற்ற மீன் கண்ணில் படும்போதெல்லாம் அது மூலைக்கே திரும்பினால் இதுதான். மேலே சொன்னபடி முரடனை அடைத்து வையுங்கள். கூடவே தொட்டியின் மறுமுனையில், வெளிப்பக்கமாக, ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வையுங்கள். அடைக்கப்படாமல் வெளியே திரியும் வேறு டேங் இருந்தால் அது தன் பிம்பத்தோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போகும். புதிய மீனுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். நாள் முழுதும் சண்டைக்கோலத்தில் நிற்பது அந்த மீனுக்கும் நல்லதல்ல.

இரண்டாவது ஆக்சிஜன். சென்னையில் இதை யாரும் மறக்கக் கூடாது. டேங்குகள் அலை அடிக்கும் பவளத்திட்டு மீன்கள், ஆக்சிஜன் நிறைந்த நீரில் வாழ்ந்து பழகியவை. நீர் சூடாகும்போது அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. அதே சமயம் மீனின் தேவை கூடுகிறது. கத்திரி வெயில் நாளில் குளிரூட்டி இல்லாத தொட்டி 31, 32 டிகிரியைத் தொடுவது சாதாரணம். அந்த நீரில் துரத்தப்படும் மீன் காயத்தால் மட்டுமல்ல, மூச்சுத்திணறலாலும் இறக்கலாம். 25 முதல் 27 டிகிரிக்குள் வைத்திருங்கள். சில்லர் இல்லாதவர்கள் ஏப்ரல் முதல் ஜூன் வரை புதிய டேங் எதையும் சேர்க்காமல் இருப்பது நல்லது. மின்தடைக்கு பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை எப்போதும் சார்ஜ் போட்டு வையுங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் குறைந்தபட்சம் ஓர் அலைப் பம்பையாவது அதில் இணைத்துவிடுங்கள்.

உப்படர்த்தியையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். கோவளத்திலிருந்தோ வேறு கடற்கரையிலிருந்தோ நீர் கொண்டுவந்து பயன்படுத்துபவர்கள் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ஆறுகளும் வடிகால்களும் கலந்து கரையோர நீர் நீர்த்துப்போகும், அழுக்கும் சேரும். அடர்த்தி 1.025 அளவில் நிலையாக இருக்க வேண்டும். அந்த மாதங்களில் ஆர்.ஓ. நீரில் செயற்கை உப்பைக் கலந்து கொள்வதே பாதுகாப்பு.

உணவு போடும்போது மட்டும் சண்டை

இது குழாயடிச் சண்டை. குழாய்களைக் கூட்டினால் தீரும்.

பாசித்தாளை ஒரே கிளிப்பில் மாட்டினால் வலுத்த டேங் அதைக் கோட்டையாக்கிக்கொள்ளும். தொட்டியின் இரு முனைகளிலும், முடிந்தால் நடுவிலும், ஒரே நேரத்தில் மாட்டுங்கள். ஒரு மீன் இரண்டு இடங்களைக் காக்க முடியாது. ஒரு வேளை உணவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். காலையில் பாசித்தாள், பிற்பகல் ஸ்பைருலினா குருணை, மாலையில் கொஞ்சம் உறைந்த மைசிஸ் இறால். வயிறு நிறைந்த டேங்கும் எல்லையைக் காக்கும், ஆனால் அதன் வேகம் பாதியாகிவிடும்.

பாசித்தாள் வாங்கும்போது எண்ணெயும் உப்பும் மசாலாவும் சேர்க்காத வெறும் நோரியைத் தேடுங்கள். கொரியப் பொருட்கள் விற்கும் மளிகைக் கடைகளில் கிடைக்கும். மண்டபம், ராமேசுவரம் பக்கம் உறவினர் இருந்தால் இன்னும் நல்ல வழி உண்டு. அங்கே மீனவப் பெண்கள் கடலில் மூழ்கிச் சேகரிக்கும் கஞ்சிப்பாசியை டேங்குகள் ஆவலோடு தின்னும். நன்றாக அலசி, நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்து கட்டினால் போதும். கடையில் கீரை போடச் சொல்வார்கள். பசிக்குத் தின்னும், ஆனால் கடற்பாசி தரும் சத்துக்கு அது ஈடாகாது.

விளக்கு அணையும் நேரத்தில் மட்டும் அடிதடி

பகலெல்லாம் ஒன்றாக மேய்ந்துவிட்டு மாலையில் மட்டும் அடித்துக்கொண்டால், பிரச்சினை படுக்கும் இடம். ஒவ்வொரு டேங்கும் இரவில் ஒரு குறிப்பிட்ட பொந்தில் போய் உடலைச் செருகிக்கொள்ளும். உங்கள் பாறை அமைப்பில் பெரிய மீன் நுழையக்கூடிய பொந்து ஒன்றுதான் இருக்கிறதா என்று பாருங்கள். இரு வழிகள் உள்ள பொந்துகளை, மீன்களின் எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு அதிகமாக அமைத்துக் கொடுங்கள்.

இதற்காகப் பாறை வாங்கப் போகும்போது ஒரு எச்சரிக்கை. மன்னார் வளைகுடாவில் வெட்டிய பவளத் துண்டுகளை 'லைவ் ராக்' என்று யாராவது தந்தால் வாங்காதீர்கள். கடின பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. உயிரற்ற துண்டாக இருந்தாலும் குற்றம்தான். சட்டத்தை விடுங்கள், டேங் மீன்களின் வீடே அந்தத் திட்டுதான். அதை உடைத்து இங்கே மீனுக்கு வீடு கட்டுவதில் என்ன நியாயம் இருக்கிறது? செராமிக் பாறைகளும், பல வாரம் ஊறவைத்துக் காரம் நீக்கிய சிமெண்ட் பாறைகளும் நன்றாகவே வேலை செய்கின்றன.

மாதக்கணக்கில் அமைதி, திடீரெனச் சண்டை

இதைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் பேர் கேட்கிறார்கள், கேட்கும்போது அவர்கள் குரலில் ஏமாற்றம் தெரிகிறது. ஆனால் மீன் துரோகம் செய்யவில்லை, ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. மாறியது எது என்று வரிசையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அண்மையில் பாறையை நகர்த்தினீர்களா? சிகிச்சைக்காக ஒரு மீனைச் சில நாட்கள் வெளியே எடுத்துத் திரும்ப விட்டீர்களா? ஊருக்குப் போனபோது தானியங்கி உணவுப் பெட்டி குருணையை மட்டும் போட்டுக்கொண்டிருந்ததா? தொட்டியில் தானாக வளர்ந்த பாசியை யாராவது முழுமையாகச் சுரண்டித் துடைத்தார்களா? கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றும். ஆனால் மேய்ச்சல் நிலம் ஒரே நாளில் மறைந்துபோனால் எந்த மேயும் விலங்கும் அமைதியாக இருக்காது. பின்புறக் கண்ணாடியில் கொஞ்சம் பாசியை எப்போதும் விட்டுவையுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், வளர்ச்சி. வாங்கும்போது ஐந்து சென்டிமீட்டர் இருந்த மீன்கள் இப்போது பதினைந்து சென்டிமீட்டர். மஞ்சள் டேங் 20 சென்டிமீட்டர் வரை வளரும், பவுடர் ப்ளூ 23 வரை, நீல டேங் 30 வரை, சோஹால் 40 வரை. நம் ஊர்க் கடைகளில் தொட்டியை அடிக்கணக்கில் சொல்வது இந்த விஷயத்தில் வசதிதான், ஏனென்றால் டேங்குக்குக் கொள்ளளவைவிட நீளமே முக்கியம். மஞ்சள், கோலே வகைகளுக்கு நான்கடிக்குக் குறையக் கூடாது. பவுடர் ப்ளூவுக்கும் நீல டேங்குக்கும் ஆறடி. ஆறுக்கு இரண்டுக்கு இரண்டு தொட்டி ஏறத்தாழ 680 லிட்டர், அதன் எடையைத் தாங்குமா என்று அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் முதலில் ஒரு பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள். சோஹாலை வீட்டுத் தொட்டியில் வளர்க்கவே நான் பரிந்துரைக்க மாட்டேன். வளர்ந்து முட்டிய சண்டைக்குப் பாறை மாற்றுவதும் கண்ணாடி வைப்பதும் சில வாரத் தவணைதான் தரும்.

டேங் அல்லாத மீனை அடிக்கிறது

கோமாளி மீன், கோபி, பிளென்னி போன்றவற்றை டேங் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. அது அடிக்கும் மீனைக் கூர்ந்து பாருங்கள். தட்டையான வட்ட உடலா, அதே நிறமா, அதே பாசியைத் தின்கிறதா? மஞ்சள் டேங் உள்ள தொட்டியில் மஞ்சள் நிற ராஸ் அடிவாங்குவதும், குட்டை ஏஞ்சல் மீன்கள் அடிவாங்குவதும் இதனால்தான். முயல்மீன் எனப்படும் ஃபாக்ஸ்ஃபேஸ் பாசி தின்னும் போட்டியாளர்தான், ஆனால் அதன் துடுப்பு முட்களில் நஞ்சு உண்டு, தன்னைத் தானே காத்துக்கொள்ளும். பாசியைக் கட்டுப்படுத்த இன்னொரு டேங் தேடுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த மீனைத்தான். கையாளும்போது அந்த முட்களை மறக்காதீர்கள்.

கண்ணாடியை ஒட்டி ஓயாமல் மேலும் கீழும் நீந்துகிறது

தன் பிம்பத்தோடு சண்டை. அறை இருட்டாகவும் தொட்டி வெளிச்சமாகவும் இருந்தால் பக்கக் கண்ணாடி முகம் காட்டும். அந்தப் பக்கம் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். பல நாட்கள் கழித்தும் நிற்காவிட்டால் தொட்டியின் நீளம் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சண்டைக்குச் சில நாட்கள் கழித்து வெள்ளைப் புள்ளிகள்

சண்டையின் மிகக் கொடிய விளைவு இதுதான். உப்புத்துகள் தூவியதுபோல் தனித்தனியாகத் தெரியும் புள்ளிகள் கிரிப்டோகாரியான் என்னும் ஒட்டுண்ணியால் வருபவை. டேங்குகள், குறிப்பாகப் பவுடர் ப்ளூவும் அக்கிலீஸும், இதற்கு எளிதில் ஆளாகின்றன. மன உளைச்சலில் எதிர்ப்புச்சக்தி குறைந்த மீனிடம் இது வேகமாகப் பரவும். மூன்று முதல் ஏழு நாட்களில் புள்ளிகள் தாமாகவே மறையும், பலர் குணமாகிவிட்டதென்று நினைத்துவிடுகிறார்கள். ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கி, மணலிலும் பாறையிலும் கூடுகட்டிப் பெருகிக்கொண்டிருக்கும் காலம் அது. அடுத்த முறை பன்மடங்காகத் திரும்பி வரும்.

எல்லா மீன்களையும் தனித் தொட்டிக்கு மாற்றித் தாமிர மருந்து கொடுப்பதே நம்பகமான வழி. மருந்துக்கு மருந்து அளவு மாறும். புட்டியில் உள்ள அளவைப் பின்பற்றி, அந்த மருந்துக்கேற்ற தாமிரச் சோதனைப் பெட்டியால் தினமும் அளந்து, ஒரு மாதம் விடாமல் காக்க வேண்டும். இறாலும் நத்தையும் பவளமும் உள்ள முதன்மைத் தொட்டியில் தாமிரம் ஒரு சொட்டுக்கூடப் போடக் கூடாது, அவை அத்தனையும் இறந்துவிடும். அந்தத் தொட்டி மீனே இல்லாமல் பத்துப் பதினொரு வாரம் காலியாக இருக்க வேண்டும். தனித் தொட்டியில் ஒளிந்துகொள்ள வன்பொருள் கடையில் கிடைக்கும் பி.வி.சி. குழாய்த் துண்டுகளைப் போடுங்கள். இல்லாவிட்டால் சண்டை அங்கேயும் தொடரும்.

புள்ளியாக இல்லாமல் மாவு தூவியதுபோல் மெல்லிய படலமாகத் தெரிந்து, மீன் வேகமாக மூச்சுவிட்டால் அது வெல்வெட் நோய். அதற்கு நாட்கணக்கு கிடையாது, அன்றே மாற்றுங்கள்.

இவ்வளவு துன்பத்தையும் தவிர்க்க வழி, தனித் தொட்டியிலேயே புதிய மீனைச் சில வாரங்கள் வைத்திருந்து பிறகு சேர்ப்பது. சேர்க்கும் வரிசையில் சாதுவான கோலே முதலில், ஜீப்ராசோமா அடுத்து, அகாந்துரஸ் கடைசியில். இரண்டு மூன்று டேங் வேண்டுமென்று முன்பே தீர்மானித்தவர்கள், அளவில் வேறுபட்டவற்றைத் தேர்ந்து ஒரே நாளில் விடுவது இன்னும் நல்லது.

எல்லாம் செய்தும் நிற்கவில்லை

இரண்டு வாரம் பெட்டியில் இருந்தும், உணவிடங்களைக் கூட்டியும், பாறையை மாற்றியும் அதே மீன் அதே மீனை அடித்தால் முரடனுக்கு வேறு வீடு பாருங்கள். பெரிய தொட்டி உள்ள ஒருவரிடம், அங்கே அதே வகை டேங் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கொடுங்கள். கொண்டுபோகும் நாளில் அதிகாலையிலோ இரவிலோ புறப்படுங்கள், நண்பகல் வெயிலில் வேண்டாம். வால்முள் பிளாஸ்டிக் பையை எளிதில் துளைத்துவிடும். மூடியுள்ள வாளியில் பாதி நீர் நிரப்பி, பேட்டரிக் காற்றுப் பம்பை ஓடவிட்டு எடுத்துச் செல்லுங்கள். அந்த மீன் என்ன தின்னும், எந்த நேரத்தில் தின்னும், எந்த மீனோடு ஒத்துப்போகவில்லை என்பதை ஒரு தாளில் எழுதி வாளியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.